புறாத்தீவுல ஸ்நார்க்கலிங் பண்ணப்போ காலைக் கடிச்ச நீலக்கோடு மீன், என்ன மீன் இது?

உப்புக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். மீன் பத்தி நல்லா தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்கன்னுதான் கேக்கறேன். போன ஆகஸ்ட்ல குடும்பத்தோட திருகோணமலை போயிருந்தோம், நிலாவெளி பீச்ல இருந்து போட் புடிச்சு புறாத்தீவு போய் ஸ்நார்க்கலிங் பண்ணோம். தண்ணி அவ்ளோ தெளிவு, துடுப்பு நுனி கருப்பா இருக்கிற சின்ன சுறாகூட பார்த்தோம், அது எங்கள கண்டுக்கவே இல்ல.

விஷயம் என்னன்னா, ஒரு இடத்துல பெரிய கிளிமீன் ஒண்ணு வாயைத் திறந்துட்டு அசையாம நின்னுட்டிருந்துச்சு, அதைச் சுத்தி ஒரு குட்டி மீன், விரல் நீளம்தான் இருக்கும், தலையில இருந்து வால் வரைக்கும் நெடுக்கா கோடு, வால் பக்கம் நல்ல நீலம், அது பாட்டுக்கு கிளிமீனோட செவுளுக்குள்ள போகுது வாய்க்குள்ள போகுது வெளிய வருது, அந்தப் பெரிய மீன் ஒண்ணுமே பண்ணல. நான் அப்படியே மிதந்துட்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.

அங்க இருந்து கொஞ்சம் தள்ளி உடைஞ்ச பவளமா கிடக்கிற இடத்துக்கு வந்தப்போ கெண்டைக்கால்ல சுருக்குன்னு ஒண்ணு, ஊசி குத்தின மாதிரி. திரும்பிப் பார்த்தா அதே மாதிரி சின்ன மீன், நீலக்கோடு, பளிச்சுனு ஒரு ஓட்டம் ஓடி கல்லுக்குள்ள போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல முட்டிக்குப் பின்னாடி இன்னொரு தடவை. கரைக்கு வந்து பார்த்தா குட்டியா செவப்புப் புள்ளி, ஒரு சொட்டு ரத்தம், அவ்ளோதான், வலியும் சீக்கிரம் போயிடுச்சு.

கூகுள்ல தேடினா நியான் கோபின்னு ஒரு படம் வருது, க்ளீனர் ராஸ்னு ஒண்ணு வருது, எல்லாமே நீலக்கோடுதான், எனக்கு வித்தியாசமே தெரியல. ரெண்டும் ஒரே மீனா? சுத்தம் பண்ற மீன் எதுக்கு என்னைக் கடிக்கணும்? விஷம் ஏதாவது இருக்குமா? போட்டோ எடுக்கல, கொழுந்தன் கோப்ரோல வீடியோ எடுத்திருக்கான், ஆனா ஆடி ஆடி இருக்கு. யாராவது சொல்லுங்க ப்ளீஸ், மனசுல ஓடிட்டே இருக்கு.

படகுத்துறை:

சார்ஜன்ட் மேஜரா இருக்கும்னு நினைக்கிறேன். வெள்ளை உடம்புல அஞ்சு கருப்புப் பட்டை, முதுகுல மஞ்சள். அந்தமான்ல ஹேவ்லாக் பக்கம் எங்க தண்ணில இறங்கினாலும் முதல்ல வந்து நிக்கிறது அதுதான், கூட்டமா வரும். முட்டை வெச்சிருக்கிற நேரத்துல ஆண் மீன் காவல் காக்கும், அப்போ கிட்ட போனா தொரத்தி வந்து இடிக்கும், கடிக்கவும் செய்யும்.

உப்புக்காத்து:

அதையும் பார்த்தோம்ங்க, போட் பக்கத்துலயே நிறைய இருந்துச்சு. ஆனா அதுக்கு பட்டை மேல இருந்து கீழ குறுக்கால போகுது. நான் சொல்றதுக்கு கோடு நெடுக்கால. மீனும் அகலமா தட்டையா இல்ல, ஒல்லியா நீளமா இருந்துச்சு.

ரீஃப்டேங்க்_கோவை:

நீங்க கிளிமீன்கிட்ட பார்த்தது க்ளீனர் ராஸ்தானுங்க, சந்தேகமே வேண்டாம். அறிவியல் பேர் லாப்ராய்டீஸ் டிமிடியாட்டஸ். செங்கடல்ல இருந்து பசிபிக் தீவுங்க வரைக்கும் இருக்கிற மீன். நியான் கோபி அங்க இருக்க வாய்ப்பே இல்லீங்க, அது கரீபியன் பக்கத்து மீன், அட்லாண்டிக். கூகுள்ல நீலக்கோடுன்னு தேடினா அது முன்னாடி வர்றதுக்குக் காரணம் தொட்டிக்காக அதை நிறைய பண்ணைல பொரிக்க வெக்கிறாங்க, படமும் நிறைய கிடக்குது.

க்ளீனர் ராஸ் பத்தி எனக்கு பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுங்க, கடல்ல எனக்குப் புடிச்ச மீன்னு ஒண்ணு கேட்டா இதைத்தான் சொல்லுவேன். பவளப்பாறைல அதுக்குன்னு ஒரு இடம் வெச்சிருக்கும், சலூன் மாதிரி, மத்த மீனெல்லாம் அங்க தேடி வந்து முறை காத்து நிக்கும். தோல்லயும் செவுள்லயும் ஒட்டிட்டு ரத்தம் குடிக்கிற பூச்சிங்கள இது பொறுக்கித் தின்னும், ஆஸ்திரேலியாவுல லிசார்ட் தீவுல அலெக்ஸாண்ட்ரா க்ரட்டர்ங்கிற ஆராய்ச்சியாளர் கணக்கு எடுத்தப்போ ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1200 பூச்சி தின்னுதுன்னு கண்டுபுடிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, விரல் நீள மீன். அதே தீவுல சில பாறைங்கள்ல இருந்து இந்த மீனை மட்டும் எடுத்துட்டு வருஷக்கணக்கா பார்த்தாங்க, எட்டு வருஷத்துக்கு மேல ஆனப்போ அந்தப் பாறைல மத்த மீனோட எண்ணிக்கையும் குறைஞ்சு போச்சு, சில மீன் வளர்த்தியும் குறைஞ்சு போச்சு.

2019ல ஜப்பான்ல ஒசாகாவுல மசானோரி கோடா குழு இந்த மீனுக்குக் கழுத்துக்கு அடியில ஒரு பழுப்புப் புள்ளி வெச்சு கண்ணாடி முன்னாடி விட்டாங்க, அது கண்ணாடியைப் பார்த்துட்டுப் போய் கழுத்தைத் தரையில தேய்ச்சுது. கண்ணாடில தெரியறது தான்தான்னு அதுக்குப் புரியுதான்னு விஞ்ஞானிங்க இன்னும் வாதம் பண்ணிட்டிருக்காங்க, ஆனா தேய்ச்சது நெசம்.

இதனாலதான் ஒண்ணு கேட்டுக்கறேன், யாரும் இதை வாங்கித் தொட்டில விடாதீங்க. கடைல அழகா இருக்கும், விலையும் கம்மி, ஆனா தொட்டில அதுக்குத் தேவையான அளவு இரை கிடைக்காது, பெரும்பாலும் மெலிஞ்சு செத்துப் போகும். கடல்ல ஒரு பாறைக்கே வேலை செய்யற மீன் அது.

கடிச்சது எதுன்னு கேட்டீங்கன்னா, க்ளீனர் ராஸும் மனுசங்கள கொத்தும்ங்க. கையை நீட்டி அசையாம இருந்தா வந்து நகக்கண்ணைக் கொத்திப் பார்க்கும், காய்ஞ்ச புண்ணு இருந்தா அதையும். ஆனா ரத்தம் வர்ற அளவுக்கு வருமான்னா, அந்த இடத்துல எனக்கு யோசனையா இருக்குது.

நிலாவெளிப்பக்கம்:

வணக்கம் அக்கா. நான் திருகோணமலை ஆள், சீசன் நேரம் ஆக்களைக் கூட்டிக்கொண்டு புறாத்தீவுக்குப் போறனான். நீங்கள் சொல்லுற கதை எனக்கு நல்லாத் தெரிஞ்ச கதை. ரெண்டும் ஒரே மீன் இல்ல.

கிளிமீனில வேலை செய்யிற மீன் ஒளிக்காது. ஒரு முருகைக்கல்லை, அதுதான் பவளப்பாறையை, விட்டு அங்கால இங்கால கனதூரம் போகாது, தலையை மேல கீழ ஆட்டி ஒரு ஆட்டம் ஆடும், அதைப் பாத்துத்தான் மற்ற மீனெல்லாம் வரும். நாங்கள் கிட்டப் போனாலும் பேசாமல் தன்ர வேலையைச் செய்துகொண்டு நிக்கும்.

கடிக்கிறது வேற ஒண்டு. அது பின்னால இருந்துதான் வரும், ஒருநாளும் முன்னால வராது. வந்து சட்டெண்டு ஒரு கடி, பிறகு ஓடிப்போய் ஒரு சின்ன ஓட்டைக்குள்ள வாலை முதல் விட்டு உள்ள போயிடும், தலை மட்டும் வெளியில தெரியும். அந்த ஓட்டை விரல் போறளவுதான் இருக்கும், புழு இருந்து செத்த வெறும் குழாய். வடிவாத் தேடினா எங்கயாவது ஒரு கல்லில அந்தச் சின்ன முகம் எட்டிப் பாக்கிறதைக் காணலாம். என்னோட வாற ஆக்களில கட்டைக் காற்சட்டையோட இறங்கிறவைக்குத்தான் கடி விழுகிறது, முழுக்கால் போட்டவைக்கு இல்ல. பேர் எனக்குத் தெரியாது, படகுக்கார அண்ணாமாரும் கடிமீன் எண்டுதான் சொல்லுவினம். பேர் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, எனக்கும் தேவைப்படுது, வாற ஆக்கள் எல்லாரும் கேக்கினம்.

முத்துநகர்:

நிலாவெளி அண்ணன் சொன்னதை நூத்துக்கு நூறு ஒத்துக்கிறேன். அண்ணே, நீங்க சொன்ன அந்த வாலை முதல்ல விட்டு உள்ள போறது ரொம்ப முக்கியமான அடையாளம்.

அக்கா, நான் தூத்துக்குடி, மீன்வளம் படிச்சவன். கோட்டை வெச்சு மட்டும் இந்த மீனைக் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா அந்தக் கோடே ஏமாத்துறதுக்காக வந்த கோடு. க்ளீனர் ராஸ் மாதிரி வேஷம் போடுற மீன் ரெண்டு இருக்கு, ரெண்டுமே ப்ளென்னி குடும்பம். ஒண்ணு அஸ்பிடோண்டஸ் டேனியாட்டஸ், இது க்ளீனரை அச்சு அசலா உரிச்சு வெச்சிருக்கும், ஆனா மீனைக் கடிக்கிறது கம்மி, குழாய்ப்புழுவோட கொண்டை, மத்த மீனோட முட்டை இதைத்தான் அதிகமாத் திங்குது. இன்னொண்ணு ப்ளாஜியோட்ரீமஸ் ரைனோரிங்கஸ், ஃபேங் ப்ளென்னின்னு சொல்லுவாங்க, இதுக்குப் பொழப்பே மத்த மீனோட செதிலையும் தோலையும் கோழையையும் கடிச்சுட்டு ஓடுறதுதான்.

நான் கேக்கிறதுக்கெல்லாம் வீடியோவைப் பார்த்துச் சொல்லுங்க. ஆடினாலும் பரவால்ல, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாத் தள்ளிப் பாருங்க. வாய் எங்க இருக்கு, மூக்கு நுனிலயா இல்ல மூக்குக்குக் கீழ தள்ளியா? க்ளீனருக்கு வாய் நேரா நுனில இருக்கும், ப்ளென்னிக்கு மூக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு வாய் அடியில இருக்கும், சுறாவுக்கு இருக்கிற மாதிரி. இது ஒண்ணு தெரிஞ்சாலே முக்கால்வாசி முடிஞ்சிடும். அடுத்து எப்படி நீந்துச்சு? ராஸ் குடும்பம் உடம்பை நேரா வெச்சுக்கிட்டு பக்கத் துடுப்பைத்தான் அடிக்கும், ப்ளென்னி மொத்த உடம்பையும் நெளிச்சு நெளிச்சுப் போகும். அப்புறம் நீலக்கோடு ஒண்ணா ரெண்டா, கோட்டுக்கு நடுவுல உடம்பு என்ன கலர். கருப்பு உடம்புல ஒரே ஒரு நீலக்கோடுன்னா குழப்பம்தான், ஏன்னா க்ளீனரோட குஞ்சும் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்து வேஷம் போடுற ஃபேங் ப்ளென்னி குஞ்சும் அப்படித்தான் இருக்கும்.

உப்புக்காத்து:

இவ்ளோ விவரமா சொல்லுவீங்கன்னு எதிர்பார்க்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொழுந்தன உக்கார வெச்சு லேப்டாப்ல போட்டுப் பார்த்தோம். ரெண்டாவது கடி வீடியோல விழுந்திருக்கு! ஒரு மூணு நாலு ஃப்ரேம்தான் தெளிவு. மூக்கு வட்டமா முன்னாடி நீட்டிட்டு இருக்கு, வாய் கீழதான் இருக்கு, தம்பி முத்துநகர் சொன்ன மாதிரியே. கோடு ரெண்டு, மேல ஒண்ணு நடுவுல ஒண்ணு, ரெண்டும் மெல்லிசா நீலம். உடம்பு கருப்பு இல்ல, ஒரு மாதிரி ஆரஞ்சு கலந்த பழுப்பு. போகும்போது நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. ஓட்டைக்குள்ள போனது வீடியோல இல்ல, கேமரா திரும்பிடுச்சு.

கிளிமீன் கூட இருந்தது தனி வீடியோ, அதுல வாய் நுனிலயே இருக்கு, முன் உடம்பு வெளிர் மஞ்சள், நடுவுல கருப்புப் பட்டை வால் பக்கம் போகப் போக அகலமாகுது, பின்பக்கம் நீலம். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ரெண்டு மீனுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு, தண்ணிக்குள்ள அந்த நேரத்துல ஒண்ணு போலவே தெரிஞ்சுது.

கடிச்ச இடம் இப்போ ஒண்ணுமே இல்ல, தழும்புகூட இல்ல. ஆனா விஷம் பத்தி யாராவது சொல்லுங்க.

முத்துநகர்:

அக்கா, அப்போ முடிஞ்சது. கடிச்சது ப்ளாஜியோட்ரீமஸ் ரைனோரிங்கஸ். ரெண்டு மெல்லிசான நீலக்கோடு, ஆரஞ்சு பழுப்பு உடம்பு, அடிவாய், நெளிஞ்சு போற நடை, பின்னாடி இருந்து வந்து கடிச்சது, எல்லாம் பொருந்துது. கிளிமீன் வாய்க்குள்ள போனது அசல் க்ளீனர், அதை அஸ்பிடோண்டஸா இருக்குமோன்னு யோசிக்க வேண்டாம், வேஷம் போடுற மீன் வாய்க்குள்ள போய்ப் பூச்சி பொறுக்குற வேலையெல்லாம் செய்யாது.

விஷம் பத்திக் கேட்டீங்க. ஃபேங் ப்ளென்னிகள்ல மெய்யகாந்தஸ்னு ஒரு வகை இருக்கு, அதுக்குத்தான் கீழ்த்தாடைல இருக்கிற கோரைப்பல்லுக்கு அடியில விஷச்சுரப்பி உண்டு. 2017ல வந்த ஆராய்ச்சில அந்த விஷத்துல ஓபியம் மாதிரி வேலை செய்யற புரதத் துணுக்கு இருக்குன்னும், எலிக்குப் போட்டுப் பார்த்தப்போ ரத்த அழுத்தம் சரசரன்னு இறங்குச்சுன்னும் தெரிய வந்துச்சு, ஆனா எலி பெருசா வலிச்ச மாதிரி காட்டிக்கல. அதை விழுங்கற பெரிய மீன் தள்ளாடி வாயைத் திறந்து விட்டுரும், இது தப்பிச்சு வெளிய வந்துரும். உங்களைக் கடிச்ச ப்ளாஜியோட்ரீமஸுக்குப் பல் இருக்கு, விஷச்சுரப்பி கிடையாது. அதனால அந்தப் பயமே வேண்டாம்.

ஆனா கடல்ல தோல் கிழிஞ்சா எது கிழிச்சாலும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணில சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஆன்டிசெப்டிக் போடுங்க. கடல் தண்ணில இருக்கிற பாக்டீரியாவாலதான் பிரச்சனை வரும். சக்கரை வியாதி இருக்கிறவங்க, ஈரல் கோளாறு இருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும், சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட போயிடணும். டெட்டனஸ் ஊசி எப்ப போட்டீங்கன்னும் பார்த்துக்கோங்க.

இந்த மீனோட வேஷத்துல எனக்கு ரொம்ப ஆச்சரியம் என்னன்னா அது நிரந்தரம் இல்ல. பக்கத்துல க்ளீனர் குஞ்சு இருந்தா கருப்பா மாறி ஒரே நீலக்கோட்டோட நிக்கும், இல்லாட்டி பழுப்பு, ஆரஞ்சு, ஆலிவ்னு வேற கலருக்குப் போய் மத்த மீன் கூட்டத்துக்குள்ள கலந்துக்கும், சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க. க்ளீனர் அதிகமா ஃபேங் ப்ளென்னி கம்மியா இருக்கிற இடத்துல ஏமாத்து நல்லா செல்லும், ஏமாத்துறவன் பெருகிட்டா மீனெல்லாம் உஷாராயிடும். அதனாலதான் ஒரு பெரிய பாறைல தேடினாலும் இது அங்க ஒண்ணு இங்க ஒண்ணாத்தான் கிடைக்கும்.

ரீஃப்டேங்க்_கோவை:

முத்துநகர் தம்பி, அருமைங்க. ஒண்ணு சேர்த்துக்கறேன். அசல் க்ளீனரும் முழு யோக்கியம்னு சொல்ல முடியாதுங்க. அதுக்குப் பூச்சியைவிட மீனோட மேல்கோழைதான் ருசி, ஆள் பார்த்து சில நேரம் அதையும் கடிச்சுடும், வந்த மீன் ஒரு உதறு உதறிட்டு விரட்டும். அடுத்து நிக்கிற மீன் அதைப் பார்த்துட்டா வேற இடம் போயிடும், அதனால பார்க்கிற ஆள் இருந்தா ஒழுங்கா நடந்துக்கும். ரெடுவான் ப்ஷாரியும் க்ரட்டரும் இதைத் தொட்டில வெச்சே காட்டியிருக்காங்க. அக்கா வீடியோவுல கிளிமீன் எங்கியாச்சும் திடீர்னு உதறுதான்னு பாருங்க, உதறினா அந்த நிமிசம் கோழையைக் கடிச்சிருக்குதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ஒரு ஆண், கூட நாலஞ்சு பொண்ணுன்னு கூட்டமா வாழும். அந்த ஆண் செத்துட்டா பெரிய பொண்ணு மீன் சில மணி நேரத்துலயே ஆண் மாதிரி நடக்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல முழுசா ஆணாவே மாறிடும். 1972ல ராபர்ட்சன்ங்கிறவர் ஆஸ்திரேலியாவுல ஹெரான் தீவுல பார்த்து எழுதினது. அடுத்த தடவை போனா அந்த இடத்துல எத்தனை க்ளீனர் இருக்குதுன்னு எண்ணுங்க, பெருசா இருக்கிறதுதான் ஆண்.

உப்புக்காத்து:

உதறுது! ரெண்டு இடத்துல நல்லாவே தெரியுது, நாங்க கேமரா வெளிச்சத்துக்குத்தான் மிரளுதுன்னு நினைச்சோம். வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிட்டேன்.

வயக்காடு:

படிச்சிட்டே வந்தேன், நல்ல பேச்சு. நாங்க வர்ற ஜூன்ல தஞ்சாவூர்ல இருந்து திருகோணமலை போறோம், பசங்க ரெண்டு பேரு, எட்டு வயசும் பதினொண்ணும். இந்தக் கடிமீன் இருக்கிற இடத்துல பசங்கள இறக்கலாமா? நிலாவெளி அண்ணன் சொன்னா தைரியமா இருக்கும்.

நிலாவெளிப்பக்கம்:

முத்துநகர் தம்பிக்கு முதல் நன்றி, இனி கேக்கிற ஆக்களுக்கு நான் பேரோட சொல்லுவன்.

வயக்காடு அண்ணா, தாராளமா இறக்கலாம். ஜூனில கிழக்குப் பக்கம் கடல் அமைதியா இருக்கும், மழைக்காலத்திலதான் இந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கை மேலாடையும் கணுக்கால் வரைக்கும் இறுக்கமான காற்சட்டையும் போட்டு விடுங்கோ, வெயிலுக்கும் நல்லது, கடிமீனுக்கும் நல்லது. லைஃப் ஜாக்கெட்டைக் கழட்ட விடவேண்டாம். தீவு வனசீவராசிகள் திணைக்களத்தின்ர தேசியப் பூங்கா, 1963ல சரணாலயமாக்கி 2003ல பூங்கா ஆக்கினது, டிக்கெட் எடுக்கவேணும். முருகைக்கல்லில மட்டும் ஏறி நிக்க விடாதேங்கோ, வத்தின நேரம் கல்லு வயித்தில முட்டும் அளவுக்கு வந்திடும், கனபேர் பயத்தில எழும்பி நிக்கிறது அதிலதான், காலும் வெட்டும் கல்லும் உடையும். தண்ணி குறைஞ்ச நேரம் அந்தப் பக்கம் போகாமல் மணல் தெரியிற இடத்தில நிண்டு பாருங்கோ, அங்கயும் மீன் இருக்குது. நீட்டு முள்ளோட உருண்டையா இருக்கிற கடல் முள்ளெலியும் கல்லிடுக்கில கிடக்கும், அதில கால் வச்சா முள்ளு உடைஞ்சு உள்ள நிண்டிடும்.

கவனிக்கவேண்டிய மீன் எண்டா எனக்கு இந்தச் சின்னனில பயமில்ல, பெரிய கிளாத்தியிலதான், டைட்டன் ட்ரிக்கர் எண்டு சொல்லுறது. மணலில குழி தோண்டி முட்டை விட்டிருந்தா கிட்ட வாற ஆரையும் கலைக்கும், அதின்ர பல்லு முருகைக்கல்லையே கடிச்சு உடைக்கிற பல்லு. அது காவல் காக்கிற இடம் குழிக்கு மேல போகப் போக அகலம், அதால மேல எழும்பி வந்தா தப்பலாம் எண்டு நினைக்கக்கூடாது, பக்கவாட்டில நீந்தி வெளிய வந்திடவேணும். முதுகு முள்ளை நிமித்திக்கொண்டு உங்களைப் பாத்துத் திரும்பி நிண்டுதெண்டா அதுதான் எச்சரிக்கை, அந்த இடத்தில நிண்டு படம் எடுக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகிடுங்கோ. படகுக்காரரிட்ட இறங்க முதலே கேளுங்கோ, இப்ப எந்தப் பக்கம் கிளாத்தி கூடு வச்சிருக்கெண்டு, அவைக்குத் தெரிஞ்சிருக்கும். காலமை வெள்ளென வாங்கோ, சனமும் குறைவு, தண்ணியும் கலங்காமல் இருக்கும்.